இரண்டு வருட அனுபவம் எங்கே கிடைக்கும்?

நாட்டில் நர்ஸ்களுக்குப் பஞ்சம் என்கிறார்கள். படித்து முடித்த புது நர்ஸோ முதல் வேலைக்காக ஊர் ஊராக அலைகிறார். கிடைக்கிற வேலைக்கு அவர் கொடுக்கும் விலையும் லேசானதல்ல.

பெரிய நகரம் எதிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தனியார் மருத்துவமனையின் பின்கட்டு. நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் அறைக்கு வெளியே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மார்போடு அணைத்த ஃபைலுடன் இருபத்தியிரண்டு வயதுப் பெண்கள், ஊடே இரண்டு மூன்று பையன்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் அப்பாக்கள். இரவு பஸ்ஸில் வந்த களைப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. உள்ளே போகிறவர்களிடம் பெயருக்கும் ஊருக்கும் அடுத்தபடியாகக் கேட்கப்படுவது ஒன்றுதான். அனுபவம் உண்டா?

இல்லை என்பதுதான் எல்லோருடைய பதிலும். நேற்றுத்தான் படிப்பை முடித்தவருக்கு அனுபவம் எங்கிருந்து வரும்? மருத்துவமனை அனுபவம் கேட்கிறது. அனுபவமோ மருத்துவமனையில்தான் கிடைக்கும். இந்த வட்டத்துக்குள் எந்த இடத்தில் நுழைவது என்பதுதான் ஒவ்வோர் ஆண்டும் நாடெங்கும் படித்து வெளியே வரும் புதிய நர்ஸ்களின் பிரச்சினை.

பற்றாக்குறை என்பது பொய்யல்ல. ஆயிரம் பேருக்கு 3 நர்ஸ்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலாகச் சொல்லப்படுவது. மத்திய அரசின் கணக்கே அந்த மூன்றை எட்டவில்லை. அதுவும் பதிவேட்டில் உள்ள பெயர்களை வைத்துப் போட்ட கணக்கு. மாநில கவுன்சில்களின் பதிவேடுகளில் 30 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இருக்கின்றன. வெளிநாடு போனவர்கள், கல்யாணமாகி வேலையை விட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று எத்தனையோ பேர் அதில் அடக்கம். பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. இரவு ஷிஃப்டில் எந்த வார்டுக்குள் நுழைந்து எண்ணிப் பார்த்தாலும் விதிக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும்.

பிறகு ஏன் புதியவருக்கு வேலை சுலபமாகக் கிடைப்பதில்லை? பற்றாக்குறை இருப்பது அனுபவசாலிகளுக்கு என்பதே காரணம். வென்டிலேட்டரில் கிடக்கும் நோயாளியைத் தனியாகக் கவனிக்கக்கூடியவர், டாக்டர் வருவதற்குள் நாடித்துடிப்பு நின்றவரின் மார்பை அழுத்தத் தொடங்குகிறவர், இப்படிப்பட்டவரைத் தேடித்தான் எல்லா மருத்துவமனைகளும் அலைகின்றன. புதியவர் அந்த நிலைக்கு வர மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆகும். அதுவரை அவருக்குப் பக்கத்தில் ஒரு சீனியர் நிற்க வேண்டும். பழக்கி முடித்த கையோடு அவர் ரியாத்துக்கோ துபாய்க்கோ பறந்துவிடுவார் என்பது நிர்வாகத்தின் புலம்பல். அந்தப் புலம்பலில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அனுபவசாலிகளை நிறுத்தி வைக்கும் சம்பளத்தைக் கொடுக்காமல், ஆண்டுக்கு ஒரு புது அணியைக் குறைந்த சம்பளத்துக்குப் பிடித்துப் போட்டே பல மருத்துவமனைகள் காலத்தை ஓட்டுகின்றன என்பதும் அதே அளவு உண்மை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. சென்னை பொது மருத்துவமனையில் 1871ல் நர்ஸ் பயிற்சி தொடங்கிய காலத்திலிருந்து நெடுங்காலம் பயிற்சியும் வேலையும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன. எந்த வார்டில் மாணவியாகப் படுக்கை விரித்தாரோ அதே வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக நின்றார். 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் தில்லியில் இன்று ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயர் தாங்கிய கல்லூரியிலும் பி.எஸ்சி. பட்டப் படிப்பு வந்தபோதும் கல்லூரிக்குப் பின்னால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. தமிழ்நாட்டில் அரசு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்தாலே அரசு வேலை கிடைத்த மாதிரிதான் என்று ஊரில் பேசிக்கொண்ட காலமும் உண்டு.

தனியார் கல்லூரிகள் பெருகியபோது இந்த இணைப்பு அறுந்தது. தென் மாநிலங்களில், குறிப்பாகக் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும், இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு இணையாக நர்சிங் கல்லூரிகள் முளைத்தன. கல்லூரிக்கு 100 படுக்கையாவது கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியைக் காகிதத்தில் நிறைவேற்றியவர்களும் உண்டு. அங்கே படித்தவர்கள் பஸ்ஸில் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு கட்டிலைச் சுற்றி முப்பது பேராக நின்று ஊசி போடுவதை வேடிக்கை பார்த்தவர்கள். பாடத்தில் முதல் வகுப்பு வாங்கியவர், இன்ஃப்யூஷன் பம்ப்பை முதன்முதலாகத் தொடுவது வேலைக்குச் சேர்ந்த அன்றுதான். அனுபவம் கேட்கும் மருத்துவமனைகள் உண்மையில் இந்தக் கல்லூரிகளை நம்பவில்லை. அந்த அவநம்பிக்கையின் தண்டனை மட்டும் மாணவிக்குப் போய்ச் சேருகிறது.

ரிசல்ட் வந்தவுடன் நேர்முகத் தேர்வுக்கு ஓடிவிட முடியாது. மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து ஆர்.என்., ஆர்.எம். எண் வாங்க வேண்டும். அதாவது பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற மருத்துவச்சி. இந்த எண் இல்லாதவரை நர்ஸாக வேலைக்கு வைப்பது சட்டப்படி சரியல்ல. கல்லூரியின் தற்காலிகச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் வந்து சேர்ந்து, பதிவும் முடிய மாதங்கள் ஓடிவிடும். இந்த இடைவெளிதான் சில மருத்துவமனைகளுக்கு வசதி. பதிவு எண் வரும்வரை ‘டிரெய்னி’ என்று பெயர் சூட்டி, நர்ஸின் வேலை முழுவதையும் வாங்கிக்கொண்டு, கையில் ஏதோ கொடுப்பார்கள். எண் வந்த பிறகும் டிரெய்னி டிரெய்னியாகவே தொடர்வதும் உண்டு.

வேறு மாநிலத்தில் வேலை தேடுகிறவருக்கு இன்னொரு படி இருக்கிறது. சென்னையில் பதிவு செய்தவர் பெங்களூரிலோ தில்லியிலோ வேலை பார்க்க வேண்டுமானால் சொந்த மாநில கவுன்சிலிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி, அந்த மாநிலக் கவுன்சிலில் மறுபடி பதிய வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு என்று இந்திய நர்சிங் கவுன்சில் கம்ப்யூட்டர் பதிவு முறையைக் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய எண் கொடுத்து வருகிறது. 1947ம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி தேசிய நர்சிங் மற்றும் மருத்துவச்சிப் பணி ஆணையத்துக்கான சட்டம் 2023ல் நிறைவேறியது. ஆனாலும் புது நகரத்துக்குப் போகிறவர் கவுன்சில் கடிதத்துக்கான மாதங்களையும் சேர்த்தே திட்டமிடுவது நல்லது.

பதிவு எண் கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எங்கே போவது? அரசு வேலைதான் வீட்டில் எல்லோரும் முதலில் சொல்வது. தமிழ்நாட்டில் 2012ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்தது. 2015ல் 7,243 நர்ஸ்களுக்காக அது தேர்வு நடத்தியபோது தனியார் கல்லூரியில் படித்தவர்களும் எழுதினார்கள், தேறினார்கள். ஆனால் கிடைத்தது நிரந்தர வேலை அல்ல. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். காலியிடம் ஏற்பட ஏற்பட நிரந்தரம் என்றார்கள். இரண்டு ஆண்டு காத்திருந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். தொகுப்பூதியம் பிறகு 14,000 ஆகி, 18,000 ஆனது. கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்டவர்களின் கதை இன்னும் கசப்பானது. பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து நின்றவர்களில் 2,000க்கும் அதிகமானோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ம் தேதியோடு நீட்டிக்கப்படாமல் முடிந்தது. கைதட்டி விளக்கேற்றிய நாடு அதற்குள் வேறு விஷயங்களுக்குப் போய்விட்டது.

மத்திய அரசுப் பக்கம் நிலைமை மேல். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்காக 2020 முதல் ‘நார்செட்’ என்ற பொதுத் தேர்வு நடக்கிறது. தேறினால் நர்சிங் ஆபீஸர். அடிப்படைச் சம்பளம் மட்டும் 44,900 ரூபாய், அதற்கு மேல் பஞ்சப்படியும் வீட்டு வாடகைப்படியும். தனியார் நர்சிங் ஹோமில் வாங்குவதைப் போல இரண்டு மூன்று மடங்கு. பொதுப் பிரிவினர் நூற்றுக்கு 50, பிற்படுத்தப்பட்டோர் 45, தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் 40 எடுக்க வேண்டும். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். 2023க்குப் பிறகு முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம். ஜெய்ப்பூரிலும் ஜோத்பூரிலும் இந்தத் தேர்வுக்கென்றே பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. ராஜஸ்தான் பையன்களும் பெண்களும் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். தெற்கிலோ இப்படி ஒரு தேர்வு இருப்பதே இறுதியாண்டில்தான் பலருக்குத் தெரிய வருகிறது.

இந்தத் தேர்விலும் அனுபவம் என்கிற சங்கதி எட்டிப் பார்க்கிறது. பி.எஸ்சி. நர்சிங் முடித்துப் பதிவு செய்தவர் உடனே எழுதலாம். ஜி.என்.எம். என்கிற டிப்ளமோ படித்தவருக்கோ குறைந்தது 50 படுக்கை கொண்ட மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். இடங்களில் 80 சதவிகிதம் பெண்களுக்கு, 20 சதவிகிதம் ஆண்களுக்கு. தேறியவர் ராய்ப்பூருக்கோ பாட்னாவுக்கோ ரிஷிகேஷுக்கோ போக நேரலாம். அங்கே நோயாளி தன் வலியைத் தன் ஊர் மொழியில் சொல்வார். தமிழ்நாட்டுப் பெண் முதல் மாதத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது மருந்தின் பெயரை அல்ல, வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது என்பதை. போய்ச் சேர்ந்தவர்கள் ஆறு மாதத்தில் சமாளித்துக்கொள்கிறார்கள் என்பது தில்லியிலும் மற்ற வட இந்திய நகரங்களிலும் ஏற்கெனவே உள்ள தென்னிந்திய நர்ஸ்களைப் பார்த்தாலே தெரியும். இ.எஸ்.ஐ., ரயில்வே, புதுச்சேரி ஜிப்மர், பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆகியவையும் அவ்வப்போது ஆள் எடுக்கின்றன. ஆனால் இவை எல்லாம் பரீட்சைகள். ரிசல்ட்டுக்கும் பரீட்சைக்கும் இடையே சாப்பிட வேண்டும், கல்விக் கடனின் தவணை வேறு காத்திருக்கிறது. ஆகவே பெரும்பாலோரின் முதல் வேலை தனியார் மருத்துவமனையில்தான்.

அங்கே நேர்முகத் தேர்வு பலர் பயப்படுகிற அளவுக்குப் புதிரானது அல்ல. பெரிய மருத்துவமனைகள் ஒரு எழுத்துத் தேர்வு வைக்கின்றன. பிறகு சூப்பரின்டெண்டென்ட் கேட்பது படுக்கையருகே தினமும் வேண்டிய விஷயங்கள். 500 மில்லி சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? விடை 21. இதை மனதுக்குள் போடத் தெரியாமல் விழிக்கிறவர் அநேகம். மருந்து கொடுக்குமுன் சரிபார்க்க வேண்டியவை என்ன: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இதயம் நின்றுபோனால் 30 முறை அழுத்தி இரண்டு மூச்சு. அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ரத்தக் கறை படிந்த பஞ்சு மஞ்சள் பையில், ஊசி வெள்ளை டப்பாவில். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்கிறவரையே அனுபவமுள்ள சூப்பரின்டெண்டென்ட்கள் விரும்புவார்கள். ஊகித்து மருந்து கொடுக்கிறவர் அவர்களுக்கு ஆபத்து. பையன்களுக்கு எமர்ஜென்ஸி, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ், மனநலப் பிரிவு ஆகிய இடங்களில் வாய்ப்பு அதிகம். பிரசவ வார்டுக் கதவு அவர்களுக்கு எளிதில் திறக்காது. நோயாளிகள் பெண்ணை சிஸ்டர் என்றும் பையனைச் சில நாள் டாக்டர் என்றும், விவரம் தெரிந்தபின் பிரதர் என்றும் கூப்பிடுவார்கள்.

தேர்வாகிவிட்ட பிறகுதான் உண்மையான பரீட்சை. மேஜை மேல் ஒரு பத்திரம் வரும். இரண்டு ஆண்டோ மூன்று ஆண்டோ வேலை பார்ப்பேன், இடையில் விட்டால் இவ்வளவு ரூபாய் கட்டுவேன் என்று எழுதியிருக்கும். கூடவே, அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்வார்கள். பத்திரமாக இருக்கும் என்று ஆறுதலும் சொல்வார்கள்.

இந்தப் பாண்ட் முறை உயிரையே வாங்கியிருக்கிறது. 2011 அக்டோபரில் மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணியாற்றிய இளம் கேரள நர்ஸ் தற்கொலை செய்துகொண்டார். வேலையை விட விரும்பினார், பாண்ட் பணம் கட்டினால்தான் சான்றிதழ் என்று நிர்வாகம் சொன்னது என்பது சக நர்ஸ்களின் குற்றச்சாட்டு. அவர்கள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கோபம் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் கேரளத்துக்கும் பரவியது. திருச்சூரில் ஐக்கிய நர்ஸ்கள் சங்கம் பிறந்தது அந்த ஆண்டில்தான். 2012ல் கோதமங்கலத்தில் நூறு நாளைத் தாண்டிய வேலைநிறுத்தத்தில் மூன்று நர்ஸ்கள் மருத்துவமனை மொட்டைமாடி விளிம்பில் ஏறி நின்றதை நாடே டி.வி.யில் பார்த்தது. அதுவரை ‘சேவை’ என்ற சொல்லால் வாயடைக்கப்பட்டிருந்தவர்கள் சம்பளத்தைப் பற்றி உரக்கப் பேசத் தொடங்கினார்கள்.

இந்தியப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2016 ஜனவரி 29ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைக்க உத்தரவிட்டது. குழுவின் சிபாரிசு தெளிவானது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, அந்த மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும். 100க்கு மேல் என்றால் 10 சதவிகிதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 படுக்கைக்குள் 25 சதவிகிதம் வரை குறையலாம். 50 படுக்கைக்குக் கீழ் உள்ள சின்ன நர்சிங் ஹோம் என்றாலும் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. சுகாதாரம் மாநில விஷயம் என்பதால் கடிதம் கடிதமாகவே நின்றது. கேரளம் மட்டும் 2017ன் பெரிய போராட்டத்துக்குப் பிறகு 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக அரசாணையில் ஏற்றியது. தில்லி அரசு அதே ஆண்டு ஜூனில் உத்தரவு போட்டது. மருத்துவமனைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மற்ற இடங்களில் முதல் சம்பளம் அந்த 20,000க்குக் கீழேயே நிற்பது யாருக்கும் ரகசியமல்ல. விலைவாசி மட்டும் 2016லேயே நின்றுவிடவில்லை.

பாண்ட் செல்லுமா, செல்லாதா? இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட காலம் வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம் தானாகவே சட்டவிரோதம் ஆகிவிடாது. ஒரு பொதுத்துறை வங்கி தொடர்பான வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டது. ஆனால் 1872ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவின்படி பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீட்டையே கேட்க முடியும். நர்ஸின் பயிற்சிக்கு நிர்வாகம் உண்மையில் என்ன செலவழித்தது என்ற கேள்வி அங்கே எழும். பத்து நாள் வகுப்பெடுத்துவிட்டு லட்சக்கணக்கில் கேட்பது அந்தக் கேள்வியைத் தாங்காது. சான்றிதழ்களைப் பிடித்துவைப்பதோ வேறு விஷயம். கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, அதைப் பிணையாக நிறுத்திவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அசலைக் காட்டலாம், சரிபார்க்க விடலாம், நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். அசலை விட்டுவிட்டு வரக் கூடாது. அசலைக் கொடுத்தால்தான் வேலை என்று பிடிவாதம் பிடிக்கும் இடம், வேலையை விடும் நாளில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறது.

சம்பளத் தாளையும் நிதானமாகப் படிக்க வேண்டும். மாதம் 20,000 என்று வாயால் சொல்வது பல இடங்களில் நிர்வாகம் தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உட்பட்ட தொகை. அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்து ஓர் உதாரணக் கணக்குப் போட்டால், நிர்வாகத்தின் பங்கும் ஊழியரின் பங்கும் போக கைக்கு வருவது சுமார் 16,400. இதில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம் உண்டா என்று அடுத்து கேட்க வேண்டும். பி.எஃப். பிடிப்பது நஷ்டமல்ல, பிடித்ததைக் கட்டுகிறார்களா என்பதே கவனிக்க வேண்டியது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதம் தருவதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கடிதம் பிறகு வரும், நாளைக்கே டூட்டிக்கு வா என்பவர்களிடம் கடிதத்தைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எட்டு மணி ஷிஃப்டா பன்னிரண்டு மணியா, இரவு ஷிஃப்ட் முடிந்து ஹாஸ்டலுக்குப் போக வண்டி உண்டா என்பதையும் கேட்டுவிடலாம். கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்டில் பணியில் இருந்த பெண் டாக்டருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு அந்தக் கேள்வியை அதிகப்பிரசங்கித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டு வேலை ஒரே சமயத்தில் கிடைக்கும் அதிர்ஷ்டசாலிகள் எதை எடுப்பது? ஆயிரமோ இரண்டாயிரமோ கூடுதலாகத் தரும் அழகுசாதன கிளினிக்கை விட, சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் நோயாளிகள் நிறைந்த ஆஸ்பத்திரியே முதல் இரண்டு ஆண்டுக்கு மேல் என்று தோன்றுகிறது. ஒட்டன்சத்திரத்திலும் ஒடிசாவின் பிஸம்கட்டக்கிலும் உள்ளவை போன்ற மிஷன் ஆஸ்பத்திரிகளில் பிரசவம், பாம்புக்கடி, காசநோய், விபத்து எல்லாம் ஒரே கட்டடத்தில் வரும். அங்கே இரண்டு ஆண்டு நின்றவரை எந்த ஐ.சி.யு.விலும் கொண்டுபோய் நிறுத்தலாம். கார்ப்பரேட் மருத்துவமனைகளில் கிடைப்பது வேறு: தர அங்கீகாரத்துக்கான பதிவேடுகள், இயந்திரங்கள், ஒழுங்கான பயிற்சி வகுப்புகள். வெளிநாட்டு நேர்முகத்தில் அதற்கு மதிப்பு உண்டு. சேர்ந்த வாரமே துணைக்கு ஆளின்றி ஐ.சி.யு.வில் தள்ளுகிறார்களா என்பதை மட்டும் இரண்டிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெருமையாக நினைத்துச் சேர்ந்து, ஒரு மருந்துத் தவறுக்குப் பிறகு வேலையையே வெறுத்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. தவறு அவர்களுடையது மட்டுமல்ல.

இந்த அலைச்சலில் சோர்ந்தவர்களைக் குறிவைத்தே ஏஜெண்டுகள் வருகிறார்கள். பணம் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் தயார், நேராக வளைகுடாவுக்கே போகலாம் என்பார்கள். வளைகுடா நாடுகள் விண்ணப்பதாரரின் சான்றிதழ்களைக் கொடுத்த இடத்திலேயே விசாரிக்கும் ‘டேட்டாஃபுளோ’ முறையை வைத்திருக்கின்றன. கடிதத்தில் உள்ள மருத்துவமனைக்கே கேள்வி போகும். பொய் அம்பலமானால் அந்தக் கறை அடுத்த விண்ணப்பத்துக்கும் தொடரும். குவைத் வேலைக்கு லட்சக்கணக்கில் கறந்த மோசடிகள் வெளிவந்த பிறகு, 2015ல் மத்திய அரசு இந்த நாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் பொறுப்பை அரசு நிறுவனங்களிடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் அது 1978ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். கேரளத்தில் நோர்க்காவும் ஒடெபெக்கும். 2014ல் இராக்கின் திக்ரித் நகரில் போருக்கு நடுவே சிக்கி மீண்ட 46 நர்ஸ்களில் ஒருவர் தூத்துக்குடிக்காரர், மற்றவர்கள் மலையாளிகள். குண்டு விழுகிற ஊருக்கு ஏன் போனார்கள் என்று அப்போது கேட்டவர்கள் அவர்களுடைய கல்விக் கடன் பாக்கியைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

நேர்மையாக இரண்டு ஆண்டை முடித்தவரும் கடைசி நாளில் ஒரு காகிதத்தில் கவனமாக இருக்க வேண்டும். அனுபவச் சான்றிதழ் என்று பல மருத்துவமனைகள் கொடுப்பது, இவர் இங்கே பணிபுரிந்தார், நடத்தை நன்று என்ற இரண்டு வரி. அது போதாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, வேலை பார்த்த பிரிவு, முழுநேரப் பணியா என்ற விவரம், பதவியின் பெயர் டிரெய்னியா ஸ்டாஃப் நர்ஸா என்பது, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் முத்திரையும் இருக்க வேண்டும். 50 படுக்கை என்ற நிபந்தனைக்கு ஆதாரம் கேட்கும் எய்ம்ஸுக்கு அந்த எண்ணிக்கை வேண்டும்; வெளிநாட்டு கவுன்சிலுக்குப் பிரிவின் பெயர் வேண்டும். சம்பளச் சீட்டுகளையும் பி.எஃப். பதிவையும் கூடவே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டு கழித்துத் தேவைப்படும்போது சூப்பரின்டெண்டென்ட் மாறியிருப்பார், நர்சிங் ஹோம் வேறு கைக்குப் போயிருக்கும், சில சமயம் அந்தக் கட்டடத்தில் ஒரு ஜவுளிக்கடை இருக்கும்.